வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நின்ற மில்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் ஒருவர் போன கிழமை என்னிடம் கேட்டார்: "சேர், உங்கட காலத்தில நெட்வேர்க்கில வந்த ஆகப் பெரிய கோளாறு என்ன?" மின்னல் அடித்த கதையையோ எலி கடித்த கதையையோ சொல்வேன் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். இரண்டும் நடந்தவைதான். அந்த எலியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் ஆகப் பெரிய கோளாறு அதுவல்ல. தேநீர் குடிக்கிற நேரத்தில் அதைச் சொல்லி முடிக்க ஏலாது என்பதால் எழுதித் தருகிறேன். ஆறுதலாக வாசியுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி அது. நிந்தவூரில், பிரதான வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு நெல் மில். பெயர் வேண்டாம், அதன் முதலாளியை ஊரே ஹாஜியார் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே சொல்கிறேன். புழுங்கல் அரிசி மில். அரிசியைக் கடையில் பையாக வாங்கித்தான் பழக்கம் என்றால் இதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, உடனே காயவைத்து, அதன் பிறகுதான் குத்த வேண்டும். அவித்த நெல் சூட்டோடு தேங்கி நின்றால் நிறம் மாறும், மணம் கெடும். பிறகு அதை மாட்டுக்குத்தான் போடலாம்.

முன்பெல்லாம் அங்கே ஒவ்வொரு இடத்திலும் ஓர் ஆள் நிற்பார். பொயிலரில் நிற்பவர் ஆவி சரி என்றால் "விடட்டா?" என்று கத்துவார். டிரையரில், அதாவது நெல் காயவைக்கும் மெசினில் நிற்பவர் "விடு!" என்று திருப்பிக் கத்துவார். ஹாஜியார் ஹஜ்ஜுக்குப் போய் வரும் வழியில் எங்கோ ஒரு பெரிய ஆலையைப் பார்த்துவிட்டார். ஒரேயொரு ஆள் கண்ணாடி அறைக்குள் இருந்து முழு ஆலையையும் ஓட்டுகிறாராம். வந்ததும் வராததுமாக ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். நான் அப்போது கொழும்பு வேலையை விட்டுவிட்டுக் கல்முனையில் இருந்தேன்.

"தம்பி, இந்த மெசினெல்லாம் தனக்குத்தான் கதைச்சிக்கொள்ளுமாமே. நம்மட மில்லுக்கு அது ஏலுமா?"

"ஏலும் ஹாஜியார்."

"அப்ப செய்."

அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம். பொயிலர், ஊறல் தொட்டி, அவிக்கும் பகுதி, டிரையர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகிற ஒரே கேபிள், உள்ளே முறுக்கிய இரண்டு வயர். கண்ணாடி அறையில் ஒரு கொம்பியூட்டர், திரையில் பெட்டிக்கு ஒன்றாகப் பச்சைச் சதுரங்கள். இன்று உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். அன்று அந்தக் கேபிள் சுருளைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்து சேர்ப்பதே பெரிய பாடு. வழியில் ஒரு சோதனைச் சாவடியில் வானை மறித்து, இது என்ன என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், மெசினும் மெசினும் கதைக்கிற வயர் என்றேன். அந்தச் சிப்பாய் நுனியைக் காதில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை என்று தலையை ஆட்டிவிட்டுச் சிரித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கேபிளின் கடைசிப் பெட்டி பின்மதிலோடு இருந்தது. அதில் சைரன். மில்லுக்குள் ஏதாவது கோளாறு வந்தால், வெளித் தளத்தில் நெல் கிண்டுகிறவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று அங்கே வைத்தேன். பின்மதிலுக்கு அப்பால் பள்ளிவாசல். ஓட்டிப் பார்த்த அன்று சைரனை ஒரு தரம் ஊதவிட்டேன். பாங்கு சொல்கிற மோதினார் பதறிப்போய் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அல்லாஹ்வே! வெள்ளிக்கிழம குத்பாப் பிரசங்க நேரத்தில இது கத்தினா என்ன நடக்கும்?" என்றார் ஹாஜியார்.

"கோளாறு வந்தாத்தான் கத்தும் ஹாஜியார். சும்மா கத்தாது."

அவர் சரி என்றார். நான் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

இனி யோகராசா அண்ணன். நற்பிட்டிமுனைக்காரர். ஹாஜியாரின் வாப்பா காலத்திலிருந்து அங்கே பொயிலர் பார்த்தவர். தினமும் சைக்கிளில் வருவார். அந்த மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முஸ்லிம் ஆட்கள் எல்லாரும் பள்ளிக்குப் போய்விடுவார்கள். அந்த நேரம் மில்லைத் தமிழ் ஆட்கள் பார்ப்பார்கள். பொங்கலுக்கும், திருக்கோவில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கும் அவர்கள் போவார்கள், இவர்கள் பார்ப்பார்கள். யாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவில்லை. அடுப்பில் நெல் இருக்கும்போது எல்லாரும் எழும்பிப் போக முடியாது, அவ்வளவுதான். பழைய மில்லில் வெள்ளிக்கிழமைகளில் நாலைந்து பேர் நிற்பார்கள். நெட்வேர்க் வந்த பிறகு ஓர் ஆள் போதும் என்றாகிவிட்டது. அந்த ஓர் ஆள் யோகராசா அண்ணன்.

மில் ஓடத் தொடங்கி கொஞ்ச நாளில் கோளாறு வந்தது. வெள்ளிக்கிழமை, நாங்கள் தொழுகை முடிந்து வந்து பார்த்தால் டிரையர் நின்றுகிடக்கிறது. அவித்த நெல் பாதி வழியில் புழுங்கிக்கொண்டிருக்கிறது. நாங்கள் வந்து கொஞ்ச நேரத்தில் சைரன் ஊதியது, பிறகு எல்லாம் தன்பாட்டில் பச்சைக்கு வந்துவிட்டது. அடுத்த வெள்ளியும் அப்படியே. நான் சனிக்கிழமை ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிப் பூட்டினேன். கிழமை முழுக்க ஒரு சின்னப் பிழைகூட இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடியும் நின்றது.

கொழும்பில் பெட்டிகளை விற்ற கம்பனிக்குப் போன் எடுத்தேன். நிலத்தொடர்பை, எர்த் வயரைப் பார் என்றார்கள். பார்த்தேன். கேபிளை மாற்று என்றார்கள். மாற்றுகிறதற்கு இன்னொரு சுருளை யார் சாவடி சாவடியாகக் காட்டிக்கொண்டு வருவது? பள்ளியின் ஒலிபெருக்கி இடைஞ்சல் செய்கிறதோ என்றும் யோசித்தேன். ஆனால் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு ஒரு நாளைக்கு ஐந்து தரம் சொல்லப்படுகிறது. மற்ற நேரங்களில் என் பச்சைச் சதுரங்கள் அசையவே இல்லை.

ஹாஜியார் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தம்பி, நான் படிக்காதவன். ஆனா எனக்கும் ஒரு கணக்கு வருது. மத்த நாளெல்லாம் ஒழுங்கா ஓடுது. வெள்ளிக்கிழம அவன்ட கையில குடுத்துட்டுப் போனா நிக்கிது. நாம திரும்பி வந்தா ஓடுது. இதக் கண்டுபிடிக்க எஞ்சினியர் வேணுமா?"

"யோகராசா அண்ணன் அப்படிச் செய்ற ஆளில்ல ஹாஜியார்."

"நானும் அப்படித்தான் நினச்ச. வாப்பா வச்ச ஆள். ஆனா காலம் எப்படிக் கெடக்கு எண்டு உனக்குத் தெரியாதா? வாற வெள்ளியும் நிண்டா, சனிக்கிழம அவன் வரத் தேவல்ல."

அந்த ஆண்டுகளை நீங்கள் கேள்விப்பட்டுத்தான் அறிவீர்கள். வழியில் இருக்கிற தமிழ் ஊர் காரைதீவைத் தாண்டிப் பஸ் ஓடிய நாளும் உண்டு, ஓடாத நாளும் உண்டு. தமிழர், முஸ்லிம்கள் இரண்டு பக்கத்திலும் ஆட்களைப் பறிகொடுத்த வீடுகள் இருந்தன. தமிழன் ஒருவன் முஸ்லிம் முதலாளியின் நெல்லை வேண்டுமென்றே பழுதாக்கினான் என்ற கதை அந்த மில்லின் படலை வாசலைத் தாண்டினால், அது யோகராசா அண்ணனின் வேலையோடு மட்டும் நிற்காது. வேறு எந்த மில்லிலும் அவரை எடுக்க மாட்டார்கள். வீதியால் சைக்கிளில் வருவதுகூட அவருக்குக் கஷ்டமாகிவிடும்.

ஹாஜியார் சும்மாவும் இருக்கவில்லை. நெட்வேர்க் நின்றாலும் டிரையரைக் கையால் ஓட்ட ஒரு சாவி இருந்தது. புது மெசினில் கண்டவனும் கை வைக்கக் கூடாது என்று அதை முதல் நாளிலிருந்தே தன் இடுப்பு வாரிலேயே வைத்திருந்தார். "வெள்ளிக்கிழமை மட்டும் அதை யோகராசா அண்ணனிடம் கொடுங்கள்" என்று கேட்டுப் பார்த்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வாரை இறுக்கிக்கொண்டார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஹாஜியாரின் கணக்கில் பிழையே இல்லை. வெள்ளிக்கிழமை, மத்தியானம், தனியாக நிற்பவர் ஒருவர், எல்லாம் பொருந்துகிறது. பொருத்தம் இவ்வளவு அழகாக இருந்தால் யாருக்கும் மேலே தேட மனம் வராது. எனக்கு அந்தக் கணக்கில் ஒன்றுதான் உறுத்தியது: கோளாறு நடக்கும்போது அதைப் பார்த்தவர் யோகராசா அண்ணன் மட்டும்தான். நாங்கள் யாருமே பார்த்ததில்லை. அவரிடம் கேட்டால், "ஒவ்வொண்டா சிவப்பு விழும் தம்பி, மறுகா பச்ச வரும், மறுகா சிவப்பு. நான் என்ன செய்ற?" என்பார். அதற்கு மேல் வாய் திறக்க மாட்டார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

வியாழக்கிழமை ஹாஜியாரிடம் போய்ச் சொன்னேன்: "நாளைக்கு நான் ஜும்ஆவுக்கு வரல்ல. மில்லுல நிக்கிற."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "மெசினப் பாக்க ஜும்ஆவ விடப்போறியா? உன்ட வாப்பா கேட்டா என்ன சொல்வார்?"

"மெசினப் பாக்க இல்ல ஹாஜியார். ஒரு மனிசன்ட தலையில பழி விழப்போகுது. அல்லாஹ்வுக்குத் தெரியும். நான் தனியா மத்தியான லுஹரத் தொழுதுகொள்ற."

"உன்ட இஷ்டம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டிலும் அதே பாட்டுத்தான். மனைவி கேட்டாள், "ஊருக்குள்ள ஆருக்கும் இல்லாத வேலயா உங்களுக்கு மட்டும்?" எனக்கும் லேசாக இருக்கவில்லை. அறிவு தெரிந்த நாளிலிருந்து, காய்ச்சல் கிடந்த நாள்களைத் தவிர, ஒரு ஜும்ஆவை நான் விட்டதில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆட்கள் கை கால் கழுவி, சேர்ட் மாற்றி, தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். ஹாஜியார் எப்போதும் கடைசியாகத்தான் போவார், பின்மதிலில் இருந்த சின்னப் படலையால். அவர் போனதும் மில்லில் மெசின் சத்தம் மட்டும் மிஞ்சியது. நானும் யோகராசா அண்ணனும் கண்ணாடி அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்றும் நின்றால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஹாஜியார் பின்படலையைச் சாத்தி ஒரு நிமிடம் ஆகவில்லை, முதல் சதுரம் சிவந்தது. சைரன் பெட்டி. பிறகு டிரையர். டிரையர் பச்சைக்கு வந்தது, அவிக்கும் பகுதி சிவந்தது. பிறகு, குத்பாவுக்கு முந்திய இரண்டாவது பாங்கு கேட்கிற வரை, எல்லாமே மாறி மாறிக் கண் சிமிட்டின. டிரையரின் காற்றாடி இரைச்சல் குறைந்து, அடங்கி, நின்றது.

"பாத்தீங்களா தம்பி, பாத்தீங்களா" என்றார். என் முன்னால் நடந்ததில் அவருக்கு ஓர் ஆறுதல். அழுகிற குரலில்தான் சொன்னார்.

நான் பார்த்தது வேறொன்றை. முதலில் போனது கடைசிப் பெட்டி. கேபிளின் பாதையோடு பின்மதிலுக்கு ஓடினேன். சைரன் பெட்டிக்குக் கீழே இருந்த சின்னச் சுவிட்ச் அணைந்திருந்தது.

உங்களுக்குப் பாடத்தில் இது வரும், அப்போது எங்களுக்கு அனுபவம்தான் பாடம். இப்படியான கேபிளின் இரண்டு நுனியிலும் செய்தியை வாங்கி அடக்கிக்கொள்கிற ஒரு தடை இருக்க வேண்டும். என் கேபிளின் ஒரு நுனிக்கு அந்தத் தடை சைரன் பெட்டிக்குள் இருந்தது, அந்தப் பெட்டியின் மின்சாரத்தில்தான் அது வேலை செய்யும். பெட்டியை அணைத்தால் நுனி வெறுமையாகிவிடும். வாய்க்கால் முடிவில் தண்ணீர் கட்டில் முட்டித் திரும்பி வருகிற மாதிரி, செய்தி திரும்பி வந்து பின்னால் வருகிற செய்தியைக் குழப்பும். சைரனை அணைத்தவர் சைரனை மட்டுமல்ல, முழு மில்லின் கதையையும் குழப்பிவிட்டார்.

சுவிட்ச்சில் கை வைத்தேன். பின்னால் ஓடிவந்த யோகராசா அண்ணன் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"தம்பி, போடாதீங்க! கத்தும்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிரையர் நின்றுகிடக்கிறது. பெட்டி உயிர்பெற்ற கணமே அந்தக் கோளாறுச் செய்தி வந்து சேரும், சைரன் முழுத் தொண்டையில் ஊதும். மதிலுக்கு அப்பால் குத்பா சொல்கிற கதீப் மிம்பர் மேடையில் ஏறித் தொடங்கிவிட்டார், அவர் குரல் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. போட்டால் பள்ளிக்குள் இருக்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். போடாவிட்டால் நெல் பழுதாகும், சனிக்கிழமை இந்த மனிதர் வர மாட்டார். அவரைக் காப்பாற்றுகிற சுவிட்ச்சில் என் கை இருக்கிறது, அதை அவரே தடுத்துக்கொண்டு நிற்கிறார். தொழுகையைக் குழப்பக் கூடாதாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பதற்றத்தில் எல்லாருக்கும் இரண்டு வழிதான் தெரியும், போடு அல்லது போடாதே. ஒரு மூச்சு நின்று யோசித்தால் மூன்றாவதும் இருக்கும். சட்டைப் பையில் இருந்த சின்ன ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்தேன். ஊதுகுழலுக்குப் போகிற வயரை மட்டும் கழற்றினேன். பிறகு சுவிட்ச்சைப் போட்டேன். ஒரு சத்தமும் இல்லை. அறைக்குத் திரும்பி வந்தபோது சதுரங்கள் எல்லாம் பச்சையாகி, டிரையர் மட்டும் திரும்ப ஓட்டச் சொல்லிக் காத்திருந்தது. யோகராசா அண்ணன் பொத்தானை அழுத்தினார். நெல் தப்பியது.

"ஆரு அண்ணன் அந்தச் சுவிட்ச்ச அமத்தின?" என்று கேட்டேன்.

"தெரியா தம்பி" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தொழுகை முடிகிற நேரம் நான் சைரன் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். பின்படலை திறந்தது. ஹாஜியார். ஸலாம் சொன்னபடியே, செருப்பைக் கழற்றிப் போடுகிறவர் காலைப் பார்க்காத மாதிரி, கையை நேராகச் சுவிட்ச்சுக்குக் கொண்டுபோனார். சுவிட்ச் ஏற்கெனவே போட்டிருந்தது. கை அப்படியே நின்றது.

"இத ஆரு போட்ட?"

"நான்தான் ஹாஜியார். அமத்தினது ஆரு?"

"நான்தான். குத்பா நேரம் கத்திப்போட்டா பள்ளிக்கு மரியாதையா? ஒவ்வொரு கிழமையும் அமத்திட்டுத்தான் போற. இதுல என்ன..."

அவர் வசனத்தை முடிக்கவில்லை. உள்ளே டிரையர் ஓடுகிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். நான் விளக்கத் தொடங்கினேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். மெதுவாக நடந்து கண்ணாடி அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"யோகராசா, நான் அந்தச் சுவிட்ச்ச அமத்துறத்த நீ கண்டயா?"

"ஓம் ஹாஜியார்."

"அதாலதான் நிக்கிதெண்டு விளங்கினயா?"

"அதாலதான் எண்டு தெரியா. ஆனா நீங்க அமத்திட்டுப் போனாத்தான் சிவப்பு விழுகிற. சந்தேகம் இரிந்திச்சி."

"அப்ப ஏன் சொல்லல்ல? நான் உன்னக் களவன் மாதிரிப் பாத்த. நீ வாயப் பொத்திட்டு நிண்டயே!"

யோகராசா அண்ணன் சொன்னார்: "பள்ளிக்கு நீங்க குடுக்கிற மரியாத அது. அதாலதான் நெல்லுப் பழுதாகுதெண்டு நான் எந்த வாயால சொல்ற ஹாஜியார்? இந்தக் காலத்தில?"

ஹாஜியார் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை, அதை நான் எங்கும் சொல்வேன். "என்ன மன்னிச்சிக்க" என்றார், கூலிக்காரனிடம் முதலாளி சொல்வது போல இல்லை, சாதாரணமாக. பிறகு இடுப்பு வாரைத் திறந்து, டிரையர் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "இது உன்னிட்ட இரிக்கட்டும்" என்றார்.

தடைக்குத் தனி மின்சாரம் கொடுத்தேன். வெள்ளிக்கிழமைகளில் சைரனுக்குப் பதிலாக ஒரு சிவப்பு விளக்கு எரிய வைத்தேன். அதெல்லாம் அரை நாள் வேலை, எவனும் செய்வான். நீங்கள் வேலைக்குப் போகிற இடங்களில் இனி கேபிளே இருக்காது, செய்தி காற்றில் போகும். போகட்டும். ஆனால் கோளாறு தேடப் போனால், அதைத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்திலேயே பேசாமல் நிற்கிறாரா என்று முதலில் பாருங்கள். ஏன் பேசவில்லை என்று அவரைக் கோபிக்காதீர்கள். பேசினால் அவருக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அதற்குப் பிறகு ஹாஜியாருக்கு ஒரு பழக்கம் வந்தது. ஜும்ஆவுக்குப் புறப்படும்போது பின்படலையில் நின்று, "யோகராசா, ஏதும் சொல்ல இரிக்கா?" என்று கேட்பார். "ஒண்டுமில்ல ஹாஜியார், போயிட்டு வாங்க" என்று பதில் வரும். கிழமைக்குக் கிழமை அதே கேள்வி, அதே பதில். அது ஒரு சடங்காகப் போய்விடும் என்றுதான் நான் நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்குப் பிந்திவிட்டேன். செருப்புகளுக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. குத்பா நடந்துகொண்டிருக்கும்போது யாரோ மூச்சு வாங்க வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பார்த்தால் ஹாஜியார். முதல் வரிசையைத் தவிர வேறெங்கும் நான் காணாத மனிதர். குத்பா நேரம் வாய் திறக்கக் கூடாது, அதனால் என்னவென்று கேட்க முடியவில்லை. தொழுது, ஸலாம் கொடுத்து முடிந்ததும் அவரே என் பக்கம் குனிந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு.

"பொயிலர் வால்வ மாத்தட்டாம்," என்றார். "நான் வாங்கின வால்வு சரியில்லயாம். யோகராசா சொல்றான்."